வெயில் படாத மணல்

கண்ணாடித் தரைமேல் முதல் அடி வைக்கும்போது கால் கூசுகிறது. கீழே ஆழமாக வெட்டிய குழி. குழிக்குள் தாழிகள். சில முழுசாக நிற்கின்றன. சிலவற்றின் வாய் உடைந்திருக்கிறது. சில, மண்ணின் பாரம் தாங்காமல் விலா நொறுங்கி, பக்கத்துத் தாழியின் தோளில் சாய்ந்து கிடக்கின்றன. ஆள் தூங்கும் வீட்டுக்குள் அரவம் காட்டாமல் நடப்பதுபோல் அவற்றின் மேலே நடந்தேன்.

இடம் ஆதிச்சநல்லூர். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் ஏறக்குறைய 24 கிலோமீட்டர், தாமிரபரணியின் தென்கரை. அகழாய்வில் வெளிவந்த தாழிகளை இடம் மாற்றாமல், தோண்டிய குழியிலேயே விட்டுவைத்து, மேலே கண்ணாடி போட்டு 2023 ஆகஸ்டில் திறந்துவைத்தார்கள். பேருந்து பேருந்தாக மாணவர்கள் வருகிறார்கள். குனிந்து பார்க்கிறார்கள், வியக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். வர வேண்டும், பார்க்க வேண்டும்.

ஆனால் வெளியே வந்ததும் அவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் பார்க்காத ஒன்று வேலிக்குள் கிடக்கிறது. உடை முள்ளும் காய்ந்த புல்லுமாக, செம்மண்ணும் சரளையும் கலந்து மெல்ல மேடேறும் 114 ஏக்கர். கண்ணாடிக்கடியில் நாம் பார்த்தது அதில் ஒரு மூலை. மிச்சம் இன்னும் மூடியே இருக்கிறது. நான் எழுத வந்தது அந்த மூடிய மிச்சத்தைப் பற்றி.

ஊரார் இதைப் பறம்பு என்கிறார்கள். ஆற்றங்கரை வண்டல் முடிந்து நிலம் உயரும் இடத்தில், மேலே ஓர் அடுக்கு மண், அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே கடும் பாறை. கடப்பாரை போட்டால் கை அதிரும். சற்றுத் தள்ளி, வெண்ணெய் போல மண்வெட்டி இறங்கும் வண்டல் நிலம் இருக்க, இந்தக் கடும் மேட்டையா குழிதோண்டத் தேர்ந்தெடுப்பார்கள்? தேர்ந்தெடுத்தார்கள். பறம்பின்மேல் நின்று வடக்கே பார்த்தால் விடை கண்முன்னே விரிகிறது: வயலும் வாழையும், அவற்றுக்கு அப்பால் ஆறு. சோறு போடும் நிலத்தில் ஒரு சாணும் இறந்தவர்களுக்காக வீணாகவில்லை. ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வந்தாலும் முன்னோர் உறங்கும் மேட்டை அது தொடாது. இரண்டையும் ஒரே முடிவில் சாதித்திருக்கிறார்கள்.

அந்தப் பாறையில் குழி வெட்ட வேண்டுமென்றால் நல்ல இரும்பு வேண்டும். அது அவர்களிடம் இருந்தது என்பதற்குத் தாழிகளுக்குள்ளும் அருகிலும் கிடைத்த வாளும் ஈட்டியும் அம்புமுனையுமே சாட்சி.

ஒரு தாழியை மட்டும் சற்று நெருங்கிப் பார்ப்போம். இடுப்பு உயரம், தடித்த சுவர், குறுகி உருண்ட அடி. உள்ளே இறந்தவரை முழங்காலை மார்போடு சேர்த்து உட்காரவைத்திருக்கலாம். அல்லது வேறோரிடத்தில் உடல் மக்கிய பிறகு மண்டையோட்டையும் கைகால் எலும்புகளையும் பொறுக்கிவந்து உள்ளே வைத்திருக்கலாம். இரண்டு வழக்கமும் இந்தப் பறம்பில் இருந்திருக்கின்றன. கூடவே சிறு கலயங்களும் கிண்ணங்களும். அவற்றில் பல வெளியே சிவப்பு, உள்ளேயும் வாய்விளிம்பிலும் கறுப்பு. இந்த இரட்டை நிறம் பூசி வந்ததல்ல, சூளையில் வந்தது. பானையைக் கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படும் வெளிப்புறத்தில் மண்ணின் இரும்புச் சத்து சிவக்கும். காற்றுப் புகாத உட்புறத்தில் கரி ஏறிக் கறுக்கும். ஒரே நெருப்பில் இரண்டு நிறம் எடுக்கத் தெரிந்த குயவர் கை அது.

தாழி செய்யும் குயவர்கள் சங்கப் பாடல்களிலும் இருக்கிறார்கள். புறநானூற்றின் 256ஆம் பாடலில், கணவனை இழந்த ஒருத்தி குயவரிடம், அவனுக்குச் செய்யும் தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய்யச் சொல்லிக் கேட்கிறாள். சுடுதல், வெறுமனே இடுதல், குழியில் புதைத்தல், கல்லறையில் வைத்தல், தாழியில் கவித்தல் என்று இறந்தவரை அனுப்பும் ஐந்து வழிகளை மணிமேகலை சொல்கிறது. அந்த நூல் எழுதப்படும்போது ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் பல ஏற்கெனவே மிகப் பழையவை.

இந்த மேட்டை வெளியுலகத்துக்குக் காட்டியவர் பெர்லினிலிருந்து வந்த ஃபெடோர் யாகோர், 1876இல். தோண்டினார், கிடைத்ததைக் கப்பலேற்றினார். பானைகளும் இரும்பு ஆயுதங்களும் எலும்புகளும் ஜெர்மனிக்குப் போயின. பிறகு 1899 தொடங்கி 1905 வரை, இடைவெளி விட்டு, தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அதே காலத்தில் பிரான்சிலிருந்து லூயி லாபிக் வந்து தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துப்போனார். ரீ கண்டெடுத்தவற்றின் விளக்கப் பட்டியல் 1915இல் நூலாக வந்தது. வெண்கலத்தில் எருமை, சேவல், நாய். நெற்றியில் கட்டும் மெல்லிய பொன் பட்டங்கள். பானைகளுக்குள் நெல் உமி, தினை வகைகளின் உமி. துணித் துணுக்கு. மண்ணுக்குள் துணி எப்படித் தப்பும் என்று கேட்கத் தோன்றும். வெண்கலத்தையோ இரும்பையோ ஒட்டிக் கிடக்கும் துணியில் துரு ஊறும். நூலை அரிக்கும் நுண்ணுயிர்களுக்குச் செம்பின் உப்பு நஞ்சு. அதனால் உலோகம் தொட்ட இடத்து நூல் மட்டும் சில வேளை தன் நெசவோடு நின்றுவிடும்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அந்தப் பொன் பட்டங்களின் முன் நின்று எனக்குள் எழுந்த கேள்விகள் சாதாரணமானவை. இது யார் நெற்றியில் இருந்தது? ஆணா, பெண்ணா? என்ன வயது? பொன் வைத்த தாழிக்குப் பக்கத்துத் தாழியில் என்ன இருந்தது, வெறும் கலயமா? பொன்னை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்கெல்லாம் விடை வராது. விடை இருந்த இடம், பொன்னைச் சுற்றி இருந்த மண்.

ரீயைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் காலத்துக்கு அவர் கவனமான மனிதர். வரைந்தார், அளந்தார், பட்டியலிட்டார். ஆனால் அவர் குனிந்து தாழியைத் தூக்கியபோது உதறித் தள்ளிய மண்ணில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் படிக்கும் வித்தை அன்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அந்தக் கடிகாரம் ஒரு மணல்துகள். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் வெண்படிகக் கல்லின் பொடி. எந்த மண்ணை எடுத்தாலும் அதில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கம் மிக மிகச் சிறிய அளவில் இருந்தே தீரும். அந்தக் கதிர் படும்போது படிகத்துக்குள் சில எலக்ட்ரான்கள் இடம்பெயர்ந்து, படிக அடுக்கில் இருக்கும் குறைகளில் போய் மாட்டிக்கொள்கின்றன. ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் சேரும். மண்ணுக்குள் இருட்டு இருக்கும்வரை அவற்றால் வெளியேற முடியாது. வெயில் பட்டால் போதும், சில நிமிடங்களில் எல்லாம் விடுபட்டுக் கணக்கு சுழியத்துக்கு வந்துவிடும்.

அதாவது, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் குழியை வெட்டித் தாழியை இறக்கி மண்ணைத் தள்ளி மூடினார் அல்லவா, அவர் தள்ளிய மண்ணில் அன்றைக்குக் கடைசியாக வெயில் பட்ட துகள்கள், மூடிய கணத்திலிருந்து எண்ணத் தொடங்குகின்றன. அந்த எண்ணிக்கை இன்னும் ஓடுகிறது. அதைப் படிக்க, குழிச்சுவரில் ஒளி புகாத குழாயை அடித்து இறக்கி, இருமுனையையும் மூடி, மங்கிய சிவப்பு விளக்கு மட்டும் எரியும் ஆய்வகத்துக்குள் கொண்டுபோய்த் திறக்கிறார்கள். பச்சை அல்லது நீல ஒளியைத் துகள்மேல் பாய்ச்சியதும், மாட்டிக்கிடந்த எலக்ட்ரான்கள் விடுபடும்போது துகள் மினுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மினுங்கல், கருவி அளக்கிறது. மொத்தம் சேர்ந்த கதிர்வீச்சை, அந்த இடத்து மண் ஆண்டுக்கு எவ்வளவு கதிர்வீச்சு தருகிறது என்ற கணக்கால் வகுத்தால் வயது. அதனால் துகள் மட்டும் போதாது. அதைச் சூழ்ந்த மண்ணும், அதன் ஈரமும்கூடத் தெரிய வேண்டும். தாழி ஓட்டுக்கும் இதே முறைதான். அங்கே கணக்கைச் சுழியமாக்கியது வெயிலுக்குப் பதிலாகச் சூளை நெருப்பு.

ஒரு ஜேசிபி வாளி மண்ணை அள்ளி வெயிலில் கொட்டும்போது என்ன நடக்கிறது என்று இப்போது நினைத்துப் பாருங்கள். தாழி உடைவதை நாம் பார்ப்போம், ஐயோ என்போம். ஆயிரக்கணக்கான கடிகாரங்கள் ஒருசேரச் சுழியத்துக்குப் போவது சத்தமே இல்லாமல் நடந்து முடிந்திருக்கும்.

கரித்துண்டின் கார்பன்-14ஐ வைத்துக் காலம் கணிக்கலாம் என்று வில்லார்ட் லிபி காட்டியது 1949இல். ரீ மண்வெட்டியை வைத்துவிட்டு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின். அப்போதும் கைப்பிடிக் கரி வேண்டியிருந்தது. இன்று முடுக்கி நிறமாலைமானிக்குச் சில மில்லிகிராம் போதும், ஒரு நெல்மணி போதும். பழைய எலும்பிலிருந்து மரபணுவைப் படிப்பது இன்னும் புதிய வித்தை. வெப்பமும் ஈரமும் மரபணுவைச் சிதைப்பதால் நம் நாட்டில் அது பெரும்பாடு. ஹரியானாவின் ராக்கிகடியில் 61 எலும்பு மாதிரிகளை முயன்று பார்த்ததில் ஒன்றே ஒன்றுதான் பேசியது. 2019இல் வெளிவந்த ஆய்வு முழுவதும் அந்த ஒருவரின் காதருகே இருக்கும் கெட்டி எலும்பை நம்பி நின்றது. இன்று அறுபதில் ஒன்று பேசினால், இன்னும் ஐம்பது ஆண்டில் பத்து பேசக்கூடும். ஆனால் அதற்கு எலும்பு மண்ணுக்குள் இருக்க வேண்டும்.

2004–05இல் இந்தியத் தொல்லியல் துறை, தி. சத்தியமூர்த்தி தலைமையில் ஆதிச்சநல்லூரில் மறுபடி தோண்டியது. சிறிய பரப்புதான். அதற்குள் 160க்கும் மேற்பட்ட தாழிகள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. கீழடுக்குப் பழையது. அதன் நினைவு மங்கிய பிறகோ, அல்லது அந்த நினைவுக்காகவேதானோ, மேலே இன்னொரு தலைமுறை வந்து தன் ஆட்களை வைத்திருக்கிறது. அப்போது கிடைத்த பானையோடு ஒன்று என் மனத்தை விட்டுப் போவதில்லை. களிமண்ணை ஒட்டி உருவாக்கிய புடைப்புச் சித்திரம்: ஒரு பெண், வாழை போன்ற ஒரு செடி, மான், முதலை, மீனோடு ஒரு கொக்கு. இன்று பறம்பிலிருந்து இறங்கி ஆற்றுப்பக்கம் நடந்தால் முதலையையும் மானையும் தவிர மற்றெல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

மூன்று அடுக்கு என்பதை எப்படிக் கண்டார்கள்? அந்தக் கலை மண்ணைத் தடவிப் பார்க்கும் விரலில் இருக்கிறது. ஒருமுறை வெட்டி மூடிய குழியின் மண், வெட்டாத மண்ணோடு ஒருபோதும் ஒட்டாது. நிறம் ஒரு நூல் மாறும், இறுக்கம் மாறும், சிறு கரண்டியால் சுரண்டும்போது சத்தம்கூட மாறும். பல அகழாய்வுகளில் இந்த மாற்றத்தை முதலில் சொல்வது அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து கூலிக்கு வரும் பெண்கள். வாழ்நாளெல்லாம் மண்ணோடு பழகிய கை அது. அந்த மெல்லிய கோட்டைக் காணாமல் வெட்டிவிட்டால் மேலடுக்கும் கீழடுக்கும் கலந்து, எந்தத் தலைமுறை எந்தத் தலைமுறைக்கு மேல் என்பதே குழம்பிவிடும்.

அக்கரையில் இருக்கும் சிவகளைப் பறம்பில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்த மாதிரிகளின் காலக் கணிப்பு 2025 ஜனவரியில் வெளிவந்து பெரிய பேச்சானது. அவற்றில் ஒன்று கி.மு. 3345 வரை போகிறது. இரும்பின் வரலாற்றையே பின்னுக்குத் தள்ளும் எண் அது. அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள், விவாதிக்கத்தான் வேண்டும். அந்த விவாதம் எங்கே போய் நிற்கிறது என்று கவனித்தால், கரி எந்த அடுக்கில் இருந்தது, இரும்பு அதற்கு எவ்வளவு அருகில் இருந்தது, இடையில் மண் கலைந்ததா என்பதில்தான். பின்னாளில் ஐயம் தீர்க்க வேண்டுமானால் கலையாத பறம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

இந்த மிச்சம் எளிதாகப் போய்விடக்கூடியது. பழைய ஈமக்காடுகள் பெரும்பாலும் விளையாத மேட்டில் இருக்கின்றன. விளையாத மேட்டுக்கு நில ஆவணங்களில் வழக்கமாக வரும் பெயர் தரிசு, புறம்போக்கு. வேளாண் நிலத்தைக் காப்பாற்றுவதற்காக முன்னோர் ஒதுங்கிக்கொண்ட அதே மேடு, இன்று சாலைக்கும் மனைக்கும் கிராவல் எடுக்க முதலில் கண்ணில் படும் இடம். கோயில் என்றால் கோபுரம் தெரியும், கோட்டை என்றால் மதில் தெரியும். பறம்பில் தெரிவது ஒன்றுமில்லை. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துக் குன்றடிகளில் இருக்கும் கல்வட்டங்களுக்கும் இதே கதி. வட்டமாக நட்ட பாறைகளைப் பார்த்தவுடன் கல்லுடைப்பவருக்குத் தோன்றுவது, வெடி வைக்காமலே கிடைத்த கல் என்பதுதான்.

ஒரு காலத்தில் இவற்றைக் காத்தவை கதைகள். பாண்டவர் குழி, குள்ளர் வீடு, வாலியர் வீடு என்று ஊருக்கு ஒரு பெயர் வைத்து, அங்கே போகாதே என்று பிள்ளைகளை மிரட்டிவைத்தார்கள். தாழிகளைப் பற்றியும் ஒரு கதை தென்மாவட்டங்களில் உண்டு. அந்தக் காலத்துப் பெரியவர்களுக்குச் சாவே வராதாம். வயதாக ஆகக் குறுகிக் குறுகி, விளக்குமாடத்தில் உட்காரும் அளவுக்குச் சிறுத்துவிடுவார்களாம். பிறகு தாழியில் வைத்து, பசிக்குக் கொஞ்சம் சோறும் நீரும் வைத்து மூடிவிடுவார்களாம். என் பாட்டி இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள். அந்தக் குரல் தாழ்ந்த இடத்தில் யாரும் கடப்பாரை போட்டதில்லை.

இன்றைக்குக் கதையின் இடத்தில் சட்டம் நிற்கிறது. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் அறிவித்த இடங்களைக் காக்கின்றன. மத்தியச் சட்டத்தில் 2010இல் வந்த திருத்தப்படி, காக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றுத்தான் கட்டலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த 100 மீட்டருக்குள் நமக்கு முன்பே மக்கள் இருக்கிறார்கள். ஒழுகும் கூரையை மாற்றக்கூட மனு எழுதிக்கொண்டு அலைபவருக்குப் பறம்பு எப்படிப் பெருமையாகத் தெரியும்? அவர் மனுவுக்கு விரைந்து பதில் தருவதும் பாதுகாப்பு வேலையின் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன். அறிவிப்புப் பட்டியலில் ஏறாத மேடுகளோ ஏராளம். அங்கெல்லாம் சட்டமும் இல்லை, இப்போது கதையும் இல்லை.

பஹ்ரைனில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் அங்கே ஆலி என்ற ஊரைப் பார்த்திருப்பார்கள். வீடுகளுக்கு நடுவே மண் மலைகள் போல நிற்பவை நான்காயிரம் ஆண்டுக்கு முந்தைய தில்முன் நாகரிகத்தின் ஈமக்குன்றுகள். அந்தக் குட்டித் தீவில் ஒரு காலத்தில் இவை பல்லாயிரக்கணக்கில் இருந்தன. சாலையும் குடியிருப்பும் வளர வளரச் சமன்செய்யப்பட்டு மறைந்தன. எஞ்சியதில் 21 தொகுதிகளை, மொத்தம் 11,774 குன்றுகளை, 2019இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக ஏற்றது. ஆலியின் குயவர்கள் அந்தக் குன்றுகளின் சரிவிலேயே சூளை வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பானை சுட்டிருக்கிறார்கள். மரபிடம் என்று வேலி போடும்போது குயவரையும் கணக்கில் எடுக்காமல் முடியாது. குன்றையும் ஊரையும் சேர்த்துக் காப்பது எவ்வளவு சிக்கல் என்பதை அந்த ஊரே காட்டுகிறது.

ஆதிச்சநல்லூர் 2020 மத்திய நிதிநிலை அறிக்கையில் நாட்டின் ஐந்து சிறப்புத் தொல்லியல் இடங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. பணமும் கட்டடமும் வருகின்றன, மகிழ்ச்சி. என் வேண்டுதல் ஒன்றுதான்: முழுவதையும் தோண்டிக் காட்டும் ஆசை நமக்கு வராமல் இருக்க வேண்டும். தோண்டுவது என்பது ஒரு புத்தகத்தைப் பக்கம் பக்கமாக எரித்துக்கொண்டே படிப்பது. படித்ததை எழுதிவைத்தால் சரி. 2004–05 அகழாய்வின் முழு அறிக்கை வெளிவர எத்தனை ஆண்டுகள் பிடித்தன, நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அன்று மாலை வேலியோரமாக நடந்தபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியைப் பார்த்தேன். முந்தின நாள் பெய்த மழையில் தடத்தோரம் மண் அரித்திருந்தது. சிறு சிறு ஓடுகள் தலைகாட்டிக் கிடந்தன.

"நாங்க சின்னப் புள்ளையா இருக்கையில பாண்டி வெளையாட இதத்தான்யா தேச்சு எடுப்போம். வட்டமா, வழுவழுன்னு இருக்கும்" என்றார்.

கீழடியிலும் வேறு பல அகழாய்வுகளிலும் தேய்த்து வட்டமாக்கிய ஓட்டுச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன என்று அவரிடம் சொன்னேன். அந்தக் காலத்துப் பிள்ளைகளும் பாண்டி விளையாடியிருப்பார்கள் என்று நினைக்கிறார்கள் பாட்டி என்றேன். அவர் சிரித்தார். பிறகு வேலிக்குள் கையைக் காட்டி, "உள்ள இன்னும் எம்புட்டுக் கெடக்கும்?" என்று கேட்டார்.

"யாரும் எண்ணலை பாட்டி."

குனிந்து ஓர் ஓட்டை எடுத்தார். கட்டைவிரலால் மண்ணைத் துடைத்தார். வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. வெயிலுக்குக் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, எடுத்த குழிவிலேயே அதைத் திரும்ப வைத்து, காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு ஆடுகளைக் குரல்கொடுத்துக் கூப்பிட்டார்.